அடுத்த கேள்வி

போன வாரம் சித்தி டீச்சரைப் படிவக் கட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள், எங்கும் ஓடிப்போய்விடவில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரியில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

அக்கா, தங்கை, ஒரே வீடு. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். தங்கை நர்சரிப் பள்ளியில் டீச்சர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவின் கணவன் போன வருஷம் ஒரு காலையில் நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பையையும் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவன்தான். போனவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு அவன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அக்கா அப்படித்தான் சொல்லிவைத்தாள், தங்கையும் ஒத்து ஊதினாள்.

அக்காவுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் ராத்திரி தூக்கம் வந்து கழுத்தைப் பிடிக்கிறவரை ஓயாது. அப்படிப்பட்டவள் சித்தியின் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. முதல் நாள் பையைக் கழற்றும்போது பழக்கதோஷத்தில் 'சித்தி' என்று ஒரு தடவை கூப்பிட்டாள். வருஷம் முழுக்க அங்கே அவள் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். மற்ற பதின்மூன்று பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு 'சித்தி டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இப்போது வருஷம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. பதினாலு பிள்ளைகளும் பெரிய பள்ளியின் கேஜி வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம், படிவத்துக்குப் பன்னிரண்டு கேள்வி. தன் பையைத் தானே மாட்டுமா, வரிசையில் நிற்குமா, பேர் கேட்டால் சொல்லுமா, உதவி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்குமா. வகுப்பில் பார்த்ததை வைத்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ டிக் போட வேண்டும்.

அக்கா மகளின் படிவத்தில் சித்தி பன்னிரண்டுக்கும் 'ஆம்' போட்டாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுச் சமையலறையில் தினமும் காது வலிக்க வலிக்கக் கேட்கிறாளே, பேச்சு வராத குழந்தையா அது? பதின்மூன்று பிள்ளைகளை வகுப்பில் பார்த்து எழுதியவள், பதினாலாவது பிள்ளையை வீட்டில் பார்த்து எழுதிவிட்டாள். டீச்சராக மட்டும் இருந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது, சித்தியாகவும் இருந்ததால் வந்தது.

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்குப் பெரிய பள்ளியிலிருந்து கேஜி டீச்சர் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள். காலையில் நடந்து போகும்போதே சித்திக்கு அதே கவலைதான். கையைப் பிடித்துக்கொண்டு வந்த வாயாடிக்கு அந்தக் கவலை ஏதும் இல்லை.

"சித்தி, நத்தை அதோட வீட்டை அதுவே தூக்கிட்டுப் போகுமாமே. அப்போ அதுக்குப் பை எங்க மாட்டும்?"

"நத்தைக்குப் பை கிடையாதுடா."

"கேஜி போனா?"

"கேஜிக்கு நீதான் போற, நத்தை போகலை. இதோ பாரு கண்ணு, இன்னைக்கு ஒரு டீச்சர் வருவாங்க. ரொம்ப நல்லவங்க. ஏதாவது கேட்டா சொல்லணும், என்ன? சித்திக்காக ஒரே ஒரு நாள்."

பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியாகிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் பள்ளியின் மஞ்சள் கேட் தெரியும். வாயாடி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். தினமும் அந்த இடத்தில் இப்படித்தான், யாரோ குழாயைத் திருகி மூடின மாதிரி.

வகுப்பில் இரண்டு மாதமாக 'பெரிய ஸ்கூல் விளையாட்டு' நடக்கிறது. மணி அடித்தால் வரிசை. சுவரில் படத்துக்குப் பதிலாகப் பேர் எழுதிய கொக்கிகள். மதியம் பாய் போட்டுத் தூங்குவதைப் பத்துப் பத்து நிமிஷமாகக் குறைத்து, இப்போது பாய்களைச் சுருட்டி மேலேயே வைத்தாகிவிட்டது. டப்பா மூடியைத் தானே திறக்க வேண்டும், பொத்தானைத் தானே போட வேண்டும், பாத்ரூம் போகவேண்டுமானால் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். பதின்மூன்று பிள்ளைகள் சொல்வார்கள். வாயாடி மட்டும் வந்து சித்தியின் சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பாள். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் பாத்ரூம். இழுப்புக்கு அர்த்தம் சித்திக்கு மனப்பாடம்.

கேஜி டீச்சர் ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் வந்ததே தெரியவில்லை. நெடுநெடுவென்று இருந்தாள். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது முழங்கால் மோவாயை இடித்தது. பிள்ளைகள் சிரிக்க, அவளும் சிரித்தாள்.

"நீங்க ஒரு அரை மணி வெளியில இருக்கீங்களா டீச்சர்? தப்பா எடுத்துக்காதீங்க, எல்லா இடத்துலயும் இப்படித்தான் பார்ப்போம்."

சித்தி கதவு வரை போய்த் திரும்பினாள். "நான் ஓரமா நிக்கிறேனே?"

"நீங்க இருந்தா உங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துதான் பதில் சொல்லும்."

கதவுக்கு வெளியே போய் நின்றாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது, அதன் வழியாகப் பார்த்தாள். உள்ளே பேசுவது பாதி கேட்டது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். பையை மாட்டு, பொத்தான் போடு, கோட்டின் மேலேயே காகிதத்தை வெட்டு. அப்புறம் பேச்சு. உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டு 'ஏன்' என்றே பேர் வாங்கிய பையன், அப்பா பேரைச் சொன்னதோடு நிற்காமல் அவர் குறட்டை விடுவதையும் விட்டுக் காட்டினான்.

வாயாடி முறை வந்தது. பையை மாட்டினாள், பொத்தானை டக்கென்று போட்டாள். கத்தரியைப் பிடித்து, நாக்கை ஓரத்தில் வைத்துக்கொண்டு, கோடு பிசகாமல் வெட்டினாள். பதினாலு பேரில் அதுதான் நல்ல வெட்டு. வெளியே நின்றவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரொம்ப அழகா வெட்டியிருக்கே. உன் பேரு என்னம்மா?"

வாயாடி தரையைப் பார்த்தாள்.

கேஜி டீச்சர் அவசரப்படவில்லை. காத்திருந்தாள், வேறு மாதிரி கேட்டாள், பொம்மையை எடுத்து அதைக் கேட்க வைத்தாள். பரவாயில்லை, அப்புறம் சொல்லலாம் என்றாள். குழந்தை முழங்காலை ஒட்ட வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தது. கை காற்றில் எதையோ தேடியது. சித்திக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு இழுப்பு. கைப்பிடியில் கையை வைத்தாள். உள்ளே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடியில் நாற்காலிக்குக் கீழே தண்ணீர் பரவியது.

யாரும் சிரிக்கவில்லை. 'ஏன்'தான் எழுந்து நின்று உதவிக்கு வந்தான்.

"டீச்சர், அவளுக்குப் பேச வராது. அவளுக்குச் சித்தி டீச்சர்தான் பேசுவாங்க."

பள்ளியின் தலைமையம்மாவுக்குக் கண்ணாடியம்மா என்று பேர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், கோபம் வந்தால்தான் கண்ணுக்கு இறங்கும். சித்தி அறைக்குள் போனபோது அது இறங்கியிருந்தது. பக்கத்தில் கேஜி டீச்சர். மேஜையில் அந்தப் படிவம்.

"உதவி வேணும்னா வாய்விட்டுக் கேட்கும். 'ஆம்'. இது நீங்க போட்ட டிக்தானே?"

"ஆமாம்மா. கேட்பா. வீட்டில..."

"படிவம் உங்க வீட்டைப் பத்தியா கேட்டுச்சு?"

கண்ணாடியம்மா நடுவருஷப் படிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நடுவருஷத்துலயும் இதே 'ஆம்' போட்டிருக்கீங்க. அப்பவே 'இல்லை'ன்னு ஒரு டிக் போட்டிருந்தா, பேச்சுப் பயிற்சி டீச்சரை வாரத்துக்கு ரெண்டு நாள் அனுப்பியிருப்பாங்க. ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தை யாரு திருப்பிக் கொடுப்பா?"

கண்ணாடியம்மா திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகக் கேட்டதுதான் சுட்டது. தப்பு தன்னுடையதுதான், குழந்தையை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததும் தானேதான் என்று சித்திக்கு அப்போது தெரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

கேஜி டீச்சர் புதிய படிவம் ஒன்றை நகர்த்தி வைத்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் லிஸ்டைக் கொடுக்கலை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்க. கூட ஒரு உதவி டீச்சரைப் போட்டு அவளை எடுத்துக்கச் சொல்லிக் கேக்கறேன். ஆனா ஒண்ணு. இந்தக் கடைசி வரி."

கடைசி வரியில், வீட்டில் அண்மையில் ஏதேனும் மாற்றம் நிகழ்ந்துள்ளதா என்று இருந்தது. பழைய படிவத்தில் சித்தி அங்கே 'இல்லை' என்று போட்டிருந்தாள்.

"இவ்வளவு நல்லாக் கை ஓடுற குழந்தை பேசலைன்னா ஏதோ இருக்கு. அது என்னன்னு எழுதணும், அம்மா கையெழுத்தும் போடணும். காரணம் தெரியாம உதவி டீச்சர் தரமாட்டாங்க. உதவி டீச்சர் இல்லைன்னா என்னால எடுத்துக்க முடியாது. இன்னொரு வருஷம் இங்கயேதான்."

கேஜி டீச்சர் போனபிறகு கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுது. இந்த ஒண்ணு இப்படின்னா மத்த பதின்மூணு படிவத்தை எப்படி நம்புறதுன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது, மேலெல்லாம் பிளீச்சிங் வாடை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. மறைத்து மறைத்துத்தானே இங்கே வந்து நிற்கிறது.

அக்கா கத்தவில்லை.

"நீ அங்க இருக்கேன்னுதானேடி நான் நிம்மதியா இருந்தேன். வேற யார்கிட்டயாவது விட்டிருந்தா தினமும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். உன்னை ஒரு நாள் கேட்டேனா?"

"தப்புதான்க்கா."

"ஸ்கூல்ல பேசமாட்டேங்குறாள்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வெட்கப்படுறான்னு சொன்னே. வெட்கம் ஒரு வருஷமா இருக்கும்?"

"கேஜி போனா சரியாயிடும்னு நினைச்சேன்." சித்தி படிவத்தை நீட்டினாள். "இப்பவும் வழி இருக்குக்கா. இந்த வரியில மாமா போனதை எழுதி நீ கையெழுத்துப் போட்டா எடுத்துக்குவாங்க."

அக்கா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. "அவர் வெளிநாட்டுல இருக்காரு."

"அக்கா."

"வெளிநாட்டுல இருக்காருன்னு எழுது. மாற்றம்தானே அதுவும்?"

"திரும்பத் திரும்பப் பொய்யா? ஒரு பொய்யாலதானே இப்படி ஆச்சு. அவங்க யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க, ரகசியமா வச்சுக்குவாங்க."

"ரகசியமா?" அக்கா சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு அது. "சலவைக்கூடத்துல பதினஞ்சு வருஷம் நின்னவகிட்ட வந்து ரகசியம்னு சொல்றியே. எந்த வார்டுல யார் பிழைப்பா, யார் பிழைக்கமாட்டான்னு விரிப்பைப் பார்த்தே நாங்க சொல்லிடுவோம். ஒரு காகிதம் நாலு கை மாறினா போதும். நாளைக்கு மறுநாள் கடைக்காரர் என்னைப் பார்த்து 'பாவம்'னு ரெண்டு தக்காளி அதிகமாப் போடுவாரு. அந்தத் தக்காளி எனக்கு வேண்டாம்."

"உன் மானத்துக்காகக் குழந்தை அங்கயே கிடக்கணுமா? அவ சேக்காளிங்க பதின்மூணு பேரும் போயிடுவாங்கக்கா. அடுத்த வருஷம் சின்னச் சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்திருப்பா."

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினாள். குரல் கீழே போய்விட்டது.

"நாளைக்கே அவர் வந்து வாசல்ல நின்னா? போயிட்டார்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டா, அப்புறம் அவர் எப்படி உள்ள வருவாரு?"

ஒரு வருஷமாக அக்கா ஊருக்காகத்தான் மறைக்கிறாள் என்று சித்தி நினைத்திருந்தாள். அக்கா தனக்கே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சித்திக்கு அவள் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு, வாயாடியைக் குளிப்பாட்டப் போனாள்.

குளியலறையில் வாளிக்குள் உட்கார்ந்துகொண்டு வாயாடி கதை அளந்துகொண்டிருந்தாள். நத்தைக்குக் கேஜி வேண்டாமாம், நேராகக் காலேஜ் போகலாமாம். நனைந்த உடுப்பைச் சோப்பு போட்டுக் கசக்கியபடி சித்தி உம் கொட்டினாள். திடீரென்று பேச்சு திரும்பியது.

"சித்தி, நான் இன்னைக்கு நல்ல பிள்ளையா?"

"ஏன்டா தங்கம்? மூச்சா போனதுக்கா? அது பரவாயில்லை."

"அது இல்லை. நான் ஒண்ணுமே சொல்லலையே."

சித்தியின் கை நின்றது. "என்ன சொல்லலை?"

"பேரு. அந்த டீச்சர் கேட்டாங்க, நான் சொல்லவே இல்லை. பேரைச் சொன்னா அடுத்தது அப்பா பேரு கேப்பாங்க. அப்பா பேரைச் சொன்னா அப்பா எங்கேன்னு கேப்பாங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க சித்தி. அதான் முதல் கேள்விக்கே சொல்றதில்லை."

ஐந்து வயதுக் குழந்தை, வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் இப்படி யோசித்து வாயை மூடியிருக்கிறது.

"அப்பா எங்கேன்னு கேட்டாச் சொல்லக்கூடாதுன்னு யாருடா உன்கிட்டச் சொன்னா? அம்மாவா?"

"நீதான்." வாயாடி தண்ணீரைக் கையால் அளைந்தாள். "முதல் நாள் ரோடு தாண்டும்போது சொன்னியே. அப்பாவைப் பத்திக் கேட்டா வாயே திறக்கக்கூடாது, திறந்தா சித்தியை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, அப்புறம் அப்பா மாதிரி சித்தியும் போயிடுவேன்னு."

சொல்லியிருந்தாள். பிள்ளைகளைப் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்று சொல்வார்களே, அப்படிப் போகிற போக்கில், வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள். ரோட்டைத் தாண்டினதும் மறந்தும்போனாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டிய கதைதான். வருஷம் முழுக்க விரலை நீட்டி நீட்டித் தொட்டிலை ஆட்டியவளுக்குக் கிள்ளியது யார் என்பது மட்டும் நினைவில்லை.

"நான்தான் ஒண்ணும் சொல்லலையே. உன்னை அனுப்பமாட்டாங்கல்ல?"

திங்கட்கிழமையை நினைத்துச் சித்திக்குக் கண் நிறைந்து வழிந்தது. சோப்புக் கையால் துடைத்தாள், அது இன்னும் எரிந்தது.

"என்ன சொல்லக்கூடாதாம்?"

கதவருகே துண்டோடு அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வார்த்தைகளில் பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கிறது, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"யாரு உன்கிட்ட என்ன சொன்னாங்க? அம்மாகிட்டச் சொல்லு."

வாயாடி அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் சித்தியின் அழுத முகத்தைப் பார்த்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம், அதனால்தான் சித்தி அழுகிறாள் என்று புரிந்துகொண்டாள். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஏய் வாயாடி, அம்மா கேக்கறேன்ல?"

பதில் இல்லை. அக்கா விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். துண்டை அவள் தலையில் போட்டுத் துவட்டினாள். "சரி, அதை விடு. உன் பேரு என்ன? அதையாவது அம்மாகிட்டச் சொல்லு பார்ப்போம்."

துண்டுக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. துண்டை விலக்கினாள். குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, தன் வீட்டில், தன் அம்மாவுக்கு முன்னால். அக்காவின் சிரிப்பு போய்விட்டது. இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் பதில் இல்லை.

அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "என்னடி பண்ணினீங்க என் பிள்ளையை, அந்த ஸ்கூல்ல?"

ஸ்கூலில் யாரும் ஒன்றும் செய்யவில்லை அக்கா, நான்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வேலை போனாலும் போகட்டும், அக்கா முகத்தில் முழிக்கவே விடாவிட்டாலும் சரி, சொல்லிவிட வேண்டும். சித்தி மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அதற்குள் வாளியிலிருந்து ஈரமான ஒரு சின்னக் கை எட்டி வந்து அவள் வாயை இறுகப் பொத்தியது.